பஸ்ஸில் வந்த பூளைப்பூ

எங்கள் ஆபீஸில் இருந்த பிளாஸ்டிக் செடிக்கு எட்டு மாதம் தண்ணீர் ஊற்றியவன் நான். ஆகவே செடிகளைப் பற்றி யார் பேசினாலும் காதைத் தீட்டிக்கொள்வேன்.

போகிக்கு முதல் நாள் ஃபுஜைராவிலிருந்து ஷார்ஜா வரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் இருவர். மீசைக்காரர் மடியில், மலையில் பறித்த வெள்ளைப் பஞ்சுப் பூக்கள் ஒரு கட்டு. கண்ணாடிக்காரர் கையில், அமீரகத்துச் செடிகளைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம்.

“பேர் தெரியாத பூவைக் கதவுல கட்ட முடியாதுங்க மாமா,” என்றார் கண்ணாடிக்காரர்.

“பூளைப்பூதான் மாப்ள! நாளைக்கு ரூம் கதவுல வேப்பிலையோட காப்புக் கட்டோணும். மூணு வருசமா வெறுங்கதவு.”

“நம்மூர்ப் பூளை இலைக்கடியில குட்டி குட்டியாப் பூக்கும். இது நுனியில பூனை வாலாட்டம் நீட்டிக்கிட்டு நிக்குது.”

மீசைக்காரர் முகம் தொங்கிப்போனது. மற்றவர் பக்கங்களைப் புரட்டினார். திடீரென்று கத்தினார்.

“மாமா, படத்தைப் பாருங்க, இதேதான்! ஏர்வா ஜவானிக்கா. நம்மூருது ஏர்வா லனாட்டா!”

“அப்படின்னா?”

“ரெண்டும் பங்காளிங்க!”

“பங்காளி இல்லாம என்னடா பொங்கல் நோம்பி? கட்டுறோம்!”

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. எட்டிக் கேட்டேன்: “எனக்கும் ஒரு கொத்துக் கிடைக்குமா?”

மீசைக்காரர் பூக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“மலை அங்கயேதான் இருக்குதுங்க.”