மாமாகிட்ட கேட்டாச்சா?

ஒரு விமானம் எப்போது கிளம்பும் என்று தெரிய வேண்டுமானால் போர்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்கக் கூடாது, சார். அந்த விமானம் இந்த நிமிஷம் எந்த ஊரில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது அங்கிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, ஆட்களை விட்டு, பெருக்கித் துடைத்து, மறுபடி ஏற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும் கூட்டினால் உண்மை வந்துவிடும். பதினேழு வருஷமாக விமான நிலையத்தின் தகவல் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், என் கணக்கு பத்து நிமிஷத்துக்கு மேல் பிசகியதே இல்லை. நீங்கள் என்னை விசாரிக்க வந்தவர் என்பதற்காக இந்த நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

என் வேலை என்ன பெரிய வேலை. விமானக் கம்பெனிக்காரர்கள் போனில் புது நேரத்தைச் சொல்வார்கள், நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். நான் தட்டினால்தான் கீழே போர்டு மாறும், பயணிகளின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அதனால் எங்கள் குடும்பத்தில் எனக்குக் 'கரெக்ட் மாமா' என்று பேர். யார் ஊருக்குக் கிளம்பினாலும் வீட்டைப் பூட்டும்முன் இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: கேஸை அணைச்சாச்சா, மாமாகிட்ட கேட்டாச்சா. முன்னே பின்னே தெரியாத சம்பந்தி வீட்டு ஆட்கள்கூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வாயெல்லாம் பல்தான், ஒளிப்பானேன்.

பிறகு மாப்பிள்ளை வந்தார். என் அக்கா மகளைக் கட்டியவர். தங்கமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது தன் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினார். வரைபடத்தின்மேல் குட்டிக்குட்டியாக விமானங்கள் ஊர்ந்தன. குடும்பமே அவர் தோளில் சாய்ந்துகொண்டு, அதோ போகுது, இதோ திரும்புதுன்னு ஒரே கும்மாளம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் என் போன் அடிக்கவில்லை, சார். ரிப்பேரோ என்று சந்தேகப்பட்டுப் பக்கத்து சீட்டுக்காரரை விட்டு அடிக்கச் சொன்னேன். அருமையாக அடித்தது.

இனி அந்த வியாழக்கிழமை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அன்று காலை ஆறு மணிக்கு, ஒரு மணி நேரம் பறந்தால் வரும் ஊரின் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அவளுக்குப் பொருந்துகிற சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. மாப்பிள்ளை ஒன்பதரை விமானத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டார்.

அந்த விமானம் வேறொரு ஊரில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஏழு மணிக்கே பன்னிரண்டரை என்று நேரத்தை மாற்றிவிட்டோம். மாப்பிள்ளையின் ஆப்பும் அதையேதான் சொன்னது. பன்னிரண்டரைக்குக் கிளம்பினாலும் மூன்றுக்குள் போய்விடலாம், அதுவரை அத்தை வீட்டிலேயே படுத்திருக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். வீட்டிலிருந்து இங்கே வர அரை மணி நேரம். நியாயமான முடிவுதான்.

ஆனால் ஆப்புக்கு ஒன்று தெரியாது. கம்பெனிக்காரர்கள் சில சமயம் வேறு விமானத்தை மாற்றிவிடுவார்கள். ஆப் அது பாட்டுக்கு, பனியில் மாட்டிக்கொண்ட பழைய விமானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது: இங்கேயே பட்டறையில் ஒரு விமானம் சும்மா நிற்கிறது, அதை அனுப்புகிறோம், பத்து மணிக்குக் கிளம்பும், நேரத்தை மாற்றுங்கள். உள்ளே காத்திருந்தவர்களுக்கு அவர்களே மைக்கில் சொல்லிவிட்டார்கள். வெளியே இருப்பவர்களுக்கு நான் தட்டினால்தான் உண்டு.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், சார். அந்த வரைபடத்துக்குத் தெரியாதது ஒன்று என் கையில் இருந்தது. சின்ன வயசில் ஒளிந்து விளையாடும்போது பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரிப்பை அடக்குவோமே, அப்படி இருந்தது. எட்டு நாற்பதுக்குத் தட்ட வேண்டியதை ஒன்பது இரண்டுக்குத் தட்டினேன். டீ குடிக்கப் போனேன் என்று முதலில் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அது பொய். டீ என் மேஜையில்தான் இருந்தது. அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

ஒன்பது பதினைந்துக்கு கவுண்டர் மூடினார்கள். குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு ஒன்பது முப்பத்திரண்டுக்கு மாப்பிள்ளை ஓடி வந்தார். ஒரு கையில் அக்கா, இன்னொரு கையில் போன். கவுண்டர் பெண்ணின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "இதுல இன்னும் பன்னிரண்டரைன்னுதாங்க இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னையே பார்த்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. அடுத்த விமானம் சாயங்காலம் ஐந்துக்கு. சாலை வழியே போனால் ஒன்பது மணி நேரம். சிறுநீரகம் வரிசையில் அடுத்தவருக்குப் போனது.

அக்கா ஏழு வாரம் இருந்தாள். அவள் போன அன்று என் போன் அடித்தது பாருங்கள், அப்படி ஒரு அடி. ஊர் ஊராக இருந்த சொந்தமெல்லாம் கிளம்பி வந்தது. மாமா, என் விமானம் லேட்டாமே, மாமா, எத்தனை மணிக்குள்ள வந்து சேருவேன் என்று பதினான்கு அழைப்பு. பதினான்கு பேருக்கும் நிமிஷக் கணக்காகச் சொன்னேன். ஒருவர்கூட விமானத்தைத் தவறவிடவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன், சார், கூடப் பிறந்தவள் இல்லையா. ஆனால் ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

இப்போது மாப்பிள்ளை புகார் கொடுத்து, நீங்கள் வந்து, அன்றைக்கு என் போனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலை விரித்துவைத்திருக்கிறீர்கள். எட்டு நாற்பத்தேழு, ஐம்பத்தொரு நொடி என்று ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். யாரும் கேட்கவில்லை என்று சற்றுமுன் சொன்னதில் அந்த ஒன்று விட்டுப்போயிற்று.

அக்காதான் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவாரு. பன்னிரண்டரைன்னு சொல்றாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

எதிரே நான் கிறுக்கி வைத்திருந்த காகிதத்தில் பத்து மணி என்று இருந்தது. அப்போதே கிளம்பியிருந்தாலும் ஒன்பது பதினைந்துக்குள் வந்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் கணக்குப் போட வேண்டாம். என் அக்கா என்று ஒரு வார்த்தை கீழே சொல்லியிருந்தால் கவுண்டரைப் பத்து நிமிஷம் திறந்து வைத்திருப்பார்கள், எனக்கு அந்த மரியாதை உண்டு.

"பன்னிரண்டரைதான்க்கா. நீ நிம்மதியாப் படு" என்றேன்.

செத்துப்போகும் வரை அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பாசம் என்மேல்.

அவள் கேட்டாள், சார், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை கேட்கவில்லையே.