வேளைக்கு ஒன்றாகப் பிரித்த மாத்திரை

இந்தப் பல் மருத்துவ முகாமுக்குத் தலைமை ஏற்று, கடைவாய்ப் பல்லையும் கனிவோடு பார்க்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே! பணிமனையின் மூத்த தோழர்களே! மடியில் பிள்ளையையும் மேடையில் என்னையும் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். சிரித்த வாய் அடைத்துப்போன கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அண்ணன் இதே பணிமனையில் பேருந்து எஞ்சினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக். அவர் இதயத்தில் இருப்பது செயற்கை வால்வு. அவருக்குச் சொத்தைப் பல். கிருமியைக் கொல்லும் மாத்திரை நான்கைக் கொடுத்து, பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நான்கையும் ஒன்றாக விழுங்கச் சொன்னார் இந்த அம்மையார். பல்லைப் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் ஏறும். ஏறிய கிருமி செயற்கை வால்வில் குடியேறும். குடியேறாமல் காக்கத்தான் அந்த நான்கும்.

வீட்டில் நடந்தது என்ன? அண்ணி மாத்திரையைப் பார்த்தார், மலைத்தார். "நாலையும் ஒண்ணா போட்டா வயிறு என்னத்துக்கு ஆகும்? வேளைக்கு ஒண்ணா போட்டுக்கோங்க."

பாசம், ஐயா, பாசம்! நான்கு போல்ட்டில் ஒன்றை மட்டும் முடுக்கி என் அண்ணன் வண்டியை வெளியே அனுப்புவாரா? ஆனால் ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டுப் போய் நாற்காலியில் சாய்ந்தார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டார் மருத்துவர். போட்டாச்சு என்றார் இவர். பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை!

சில வாரங்களில் காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். பெரிய மருத்துவமனையில் வால்வில் கிருமி என்றார்கள். பல் இருந்த இடம் ஆறிவிட்டது, இதயம் புண்ணாகிவிட்டதே! நெஞ்சை மறுபடி திறந்து, வால்வை மாற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணி நின்றுகொண்டே இருந்தார். "நான்தானே பிரிச்சுக் குடுத்தேன்." வேறு பேச்சே இல்லை அவரிடம்.

யாரது, எங்களுக்கும் நாலு மாத்திரை கொடுங்கள் என்பது? உட்காருங்கள் தோழரே! இது எல்லோருக்கும் அல்ல. வால்வு மாற்றியவர்கள் போன்ற சிலருக்கு மட்டும், அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும். இதயத்தில் கோளாறு உண்டென்றால், பல்லைக் காட்டுமுன் அதைச் சொல்லுங்கள். சொன்ன மாத்திரையைச் சொன்னபடி போடுங்கள்.

நாளைக் காலை அண்ணனுக்கு இன்னொரு பல் எடுக்கிறார்கள். அண்ணி முன்வரிசையில் இருக்கிறார். அண்ணி, நாளைக்கு ஒரே வேளையில் எத்தனை?

பாருங்கள்! நான்கு விரல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. எனக்கு வேண்டாம் கைதட்டல், அந்தக் கைக்குத் தட்டுங்கள். செவி கொடுத்த உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.