சுரங்கம் தோண்ட ஒரு மேல்படிப்பு

வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பெடாஸ் சாலைத் தடுப்பில் எங்கள் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். வரிசையில் என் முன்னால் நின்ற ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண், பஸ்ஸில் தன்னோடு பேசிக்கொண்டு வந்த இளைஞனிடம் கேட்டாள்.

"டிகிரி வாங்கியாச்சு, மறுபடியும் சீமைக்கா? சுரங்கம் தோண்ட இன்னும் என்ன தம்பி படிப்பு?"

"எங்க தோண்டலாம், மண் கரை எப்ப சரியும், ஆளுங்கள எப்படிக் காப்பாத்தலாம்னு முன்னாடியே திட்டம் போடுற மேல்படிப்பு, அக்கா."

"சரியப்போறது முன்னாடியே தெரியுமா?"

"கணக்குப் போட்டுப் பாத்தா பெரும்பாலும் தெரியும்."

அவள் அடையாள அட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஈயச் சுரங்கத்துல மண்ணு சரிஞ்சுதான் செத்தாரு. விதின்னுதானே அங்க வேலை வாங்கின மண்டோரு சொன்னாரு!"

சிப்பாய் அவளைக் கூப்பிட்டார். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"படிச்சிட்டு இங்கேயே வந்துடு தம்பி."