திரும்பிப் பார்க்க வைத்த பத்மினி அம்மையார்

மேடையிலிருக்கும் பெரியோர்களே! பாகாலாவிலிருந்து வந்திருக்கும் பத்மினி அம்மையாரின் குடும்பத்தாரே! ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், விஜயபுரம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என் தொழிலாளத் தோழர்களே! தொழிற்சாலைக் கூரை வேலை பார்க்கும் மேஸ்திரி சண்முகம் நான், உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி பத்மினி அம்மையார் மாரடைப்பில் மறைந்து பதினோரு நாள் ஆகிறது. நான் அழ வரவில்லை. நன்றி சொல்ல வந்தேன். அவர் இருந்தபோது ஒருநாளாவது சொன்னேனா? சொல்லவில்லையே, பாவி!

போன பாதுகாப்பு வாரத்தில், கிரேக்க நாட்டுப் புராணக்கதை ஒன்றை எங்களை வைத்து நாடகமாகப் போட்டார். பேர்கள் வாயில் நுழையாது. சிறையில் கிடந்த ஒரு தகப்பன் இறகையும் மெழுகையும் வைத்து இறக்கை கட்டி, மகனோடு பறந்து தப்புகிறான். "ரொம்ப மேலே போகாதே" என்கிறான். மகன் போகிறான், வெயிலில் மெழுகு உருகுகிறது, கடலில் விழுந்து சாகிறான். தகப்பன் வேஷம் எனக்கு, மகன் வேஷம் என் ஆட்களில் ஒருவனான சீனுவுக்கு. கேண்டீன் மேசையிலிருந்து அவன் மெத்தையில் விழுந்ததும், "பெத்தவன் பேச்சைக் கேளாதவன் கதி இதுதான்!" என்று கர்ஜித்தேன். என்ன கைதட்டல்!

அப்போது நாடகம் பார்க்க வந்திருந்த சீனுவின் தாயார் லட்சுமம்மா விறுவிறுவென்று மேடையேறினார்.

"ஏன்யா, பாரதக் கூத்துல செத்தவன மஞ்சத்தண்ணி தெளிச்சு எழுப்பாம யாராச்சும் வேஷம் கலைப்பானா? எம்புள்ள கெடக்கறான், நீ வசனம் பேசிக்கினு கீறே!"

"யக்கா, இது வெளிநாட்டுக் கதை. அதுல எழுப்பறதெல்லாம் கெடையாது" என்று எகிறினேன்.

பத்மினி அம்மையார் சிரிக்கவில்லை, அதட்டவில்லை. சமையல்கட்டுக்குப் போய் ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"தெளிங்க மேஸ்திரி. ஆமா, அவன் மேலே போகச்சே நீங்க எங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

"முன்னாடி பாத்துக்கினு பறந்தேன் மேடம். அதான் போவாதேன்னு சொன்னேனே!"

"சொன்னா முடிஞ்சுதா? திரும்பிப் பாக்க வேணாமா?"

தெளித்தேன், சீனு எழுந்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. நாலு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கூரைமேல், "எல்லாரும் கொக்கி மாட்டுங்கடா!" என்று வழக்கம்போலக் கத்திவிட்டு முன்னால் நடந்தேன். அந்தக் கேள்வி முதுகில் குத்தியது. திரும்பினேன். சீனுவின் பெல்ட் கொக்கி கயிற்றில் இல்லை, இடுப்பில் ஊசலாடிக்கொண்டிருந்தது! திட்டித் தீர்த்து மாட்ட வைத்தேன். அரைமணி ஆகவில்லை, அவன் காலடியில் கூரை ஷீட் உடைந்தது. நாற்பதடி உயரம். பெல்ட் தாங்கிப் பிடித்தது. மகராசன் அதோ, மூன்றாம் வரிசையில் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்! யாரால்? இந்த அம்மையாரால்!

இன்று காலை லட்சுமம்மா என்னிடம் கேட்டார்: "அந்தம்மாவுக்கு ஒரு சொம்பு தெளிச்சிருந்தா எழுந்துகினு வந்திருப்பாங்களாய்யா?"

பத்மினி அம்மையாரே! கூரையில் முதல் ஆளாக ஏறுவதுதான் மேஸ்திரிக்குக் கௌரவம் என்று இருபது வருடம் இருந்தவன் நான். சீனு பிழைத்த பிறகும் அந்த வறட்டுக் கௌரவத்தை விடவில்லை. இன்று விட்டேன். நாளைக் காலை ஷிப்டில் என் ஆட்கள் எனக்கு முன்னால் ஏறுவார்கள். ஒவ்வொருவன் கொக்கியையும் என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசி ஆளாக நான் ஏறுவேன்.