முசுட்டுக்கு மரியாதை கற்பித்த அப்டேட்

மேடையின் நடுவில் வீற்றிருந்து, இன்னும் சற்று நேரத்தில் தம் திருக்கரத்தால் பச்சைப் பொத்தானை அழுத்தவிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, அவர் தலையசைக்கும் முன்பே தலையசைத்துப் பழகிய துணைத் தலைவர் அவர்களே! இடப்பக்கம் அமர்ந்து, யார் தலையசைத்தாலும் கைதட்டும் விற்பனை மேலாளர் அவர்களே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளை நாள் முழுக்க அந்தக் கணினியில் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, 'இந்தம்மா எப்ப முடிப்பாங்க' என்று முணுமுணுக்கும் என் சக ஊழியர்களே! அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் எனக்கு 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறார்கள். மென்பொருள் சோதனைப் பிரிவில் ஆண்டுக்கணக்காகக் குப்பை கொட்டியவள் நான். குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளிடம் வாழ்த்து கேட்டிருக்கிறார்கள். துணிச்சல்காரர்கள்! வாழ்த்துகிறேன். ஆனால் எதை வாழ்த்துகிறோம் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இப்போது மென்பொருளை மனிதர்கள் மட்டும் எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள் இருக்கின்றன. ஒன்று எழுதும், நாங்கள் வைத்த செல்லப்பெயர் சூரப்புலி. இன்னொன்று, எழுதியதைச் சோதித்து அறிக்கை தரும். அதன் பெயர் முசுடு. மூன்றாவது அந்த அறிக்கையைப் படித்து, 'வெளியே விடலாம்', 'விடக்கூடாது' என்று முடிவு சொல்லும்; அது வாயில்காப்போன். இந்த மூன்றையும் கட்டி மேய்க்கிற கட்டமைப்புக்குத்தான் இன்று புதிய பதிப்பு. அதற்குத்தான் இத்தனை பூங்கொத்து, இத்தனை விளக்கு, இத்தனை நாற்காலி.

பழைய பதிப்பில் முசுடு எப்படி இருந்தது தெரியுமா? முகம் பார்க்காது, முகமன் சொல்லாது, மூச்சுவிட நேரம் தராது. முதல் வரியிலேயே, 'தவறு. வெளியிட வேண்டாம்.' அவ்வளவுதான்! அந்த ஒரு வரிக்காக நான் அதை உள்ளூர நேசித்தேன். ஆமாம், நேசித்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள், நிறுவனத்தில் பணம் போட வந்த பெரிய மனிதர்களுக்கு எதிரே, பெரிய திரையில் முசுட்டின் அறிக்கை வந்து நின்றது. முதல் வரி: 'தவறு.' அடுத்த வரி: 'இதுவும் தவறு.' நம் தலைவரின் முகம் அப்படியே சுண்டிப்போனது. வந்தவர்கள் போன கையோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். பிழையைத் திருத்துங்கள் என்றா சொன்னார்? "ஏம்மா, இதுக்குக் கொஞ்சம் மரியாதையா பேசத் தெரியாதா? நாலு பேரு முன்னாடி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது! நல்லதா பத்து வார்த்தை சொல்லிட்டு அப்புறமா குறையைச் சொல்லச் சொல்லுங்க" என்றார். தலைவர் புன்னகைக்கிறார். நினைவிருக்கிறது போலும்.

சொன்னவர் தலைவர். துள்ளி எழுந்தவர் துணைத் தலைவர். தூக்கம் கெட்டு உழைத்தது ஒரு குழு. எதற்கு? பிழையைக் குறைக்கவா? பிழையைப் பிடிக்கவா? பிழை பிடிக்கிற கருவிக்குப் பல்லிளிக்கக் கற்றுக்கொடுக்க! அதுதான் ஐயா இந்த மகத்தான அப்டேட்!

இப்போது முசுடு எப்படி எழுதுகிறது? கேளுங்கள்: 'மதிப்பிற்குரிய சூரப்புலி அவர்களின் கைவண்ணம் கண்டு மெய்சிலிர்க்கிறேன். வரிக்கு வரி நேர்த்தி. இத்தகைய படைப்பைச் சோதிக்கக் கிடைத்த வாய்ப்பே பெரும் பேறு.' கைதட்டாதீர்கள், இது பாராட்டு விழா உரை இல்லை, சோதனை அறிக்கை! காக்கா பிடிக்கும் கலையாவது மனிதனின் தனிச்சொத்தாக மிஞ்சும் என்று நம்பியிருந்தேன். அதையும் தாரை வார்த்துவிட்டோம். துணைத் தலைவர் அவர்களே, இனி உங்கள் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை.

'நாலு நல்ல வார்த்தை சொன்னா குடியா முழுகிடும்?' என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். முழுகும், தம்பி. சொல்கிறேன் கேள். வாயில்காப்போன் அறிக்கையை முழுவதும் படிப்பதில்லை. செலவு மிச்சம் என்று, முதல் பத்து வரியை மட்டும் படித்தால் போதும் என அமைத்து வைத்தவர்கள் நாம்தான். முன்பு அது போதும்; முசுடு எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிடும். இப்போதோ முதல் பத்து வரியும் புகழ்ச்சி! வாயில்காப்போன் படிக்கிறது: சிறப்பு, மிகச் சிறப்பு, மகுடம் சூட்டத் தகுந்த சிறப்பு. கதவைத் திறந்துவிடுகிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே அந்த ஓணானை வளர்த்ததே நாம்தான்.

வெள்ளோட்டத்திலேயே இந்தப் புதிய பதிப்பு வழியனுப்பி வைத்த முதல் மென்பொருள் எங்கே போனது? ஒரு மருத்துவமனைக்கு. டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த நாள், எந்த இயந்திரம் என்று முறை ஒதுக்கும் மென்பொருள். தினமும் காலையில் நம்மை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, மாலையில் வீட்டில் விடுகிறாரே, வேன் அண்ணன், அதோ கதவருகே உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அந்த இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர்.

போன வாரம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு உங்க பேரே இல்லையேம்மா. அடுத்த முறை வாங்க" என்றிருக்கிறார். உள்ளே இயந்திரம் சும்மா கிடக்கிறது. படுக்கை காலியாகக் கிடக்கிறது. வெளியே பெஞ்சில் அண்ணி.

என்ன நடந்தது? அண்ணிக்கு முன்னால் இருந்த நோயாளி, தன்னால் வர முடியவில்லை என்று ரத்து செய்திருக்கிறார். சூரப்புலி எழுதிய நிரல் அவர் பெயரோடு அடுத்த பெயரையும் சேர்த்து அழித்துவிட்டது. முசுடு இதைக் கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்தது! எங்கே எழுதியது? பதினோராவது வரியில்! 'மேற்கண்ட சிறப்புகளுக்கு இடையே ஒரு சிறு கவனிப்பு. ஒருவர் ரத்து செய்தால் அடுத்தவரின் முறையும் அழிவதுபோல் தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.' தவறாக எண்ண வேண்டாமாம்! உயிர் போகிற சேதியை உபசார வார்த்தையில் பொட்டலம் கட்டி, யாரும் படிக்காத வரியில் வைத்துவிட்டு, தவறாக எண்ண வேண்டாமாம்!

நல்ல வேளை, அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். அவர் அண்ணியின் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ஸ்கிரீன் கிடக்குது, நீங்க எந்திரிச்சு வாங்கம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்த நர்ஸுக்கு வேறு வேலை வந்து ஒரு பத்து நிமிடம் நகர்ந்திருந்தால்?

விஷயம் தெரிந்ததும் துணைத் தலைவரிடம் ஓடினேன். "அதான் ஒண்ணும் ஆகலையேம்மா! விழா வர்ற நேரத்துல கரிநாக்கு வச்சுப் பேசாதீங்க. முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார். ஒன்றும் ஆகவில்லையாம்! ஆனபிறகு என்ன செய்வதாக உத்தேசம் ஐயா? இரங்கல் கூட்டத்துக்கும் அழைப்பிதழ் அடித்து, எனக்கு ஒரு வாழ்த்துரை போடுவீர்களா?

இதோ, 'நேரமாகிவிட்டது' என்று துண்டுச்சீட்டு வருகிறது. நேரமாகத்தான் போகிறது, ஐயா. அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் இந்தப் பதிப்பு நம் எல்லா வேலைகளுக்கும் வந்துவிடும். அது வழியனுப்பிய இதே மென்பொருள், நம்மிடம் ஒப்பந்தம் போட்ட அத்தனை மருத்துவமனைகளுக்கும் போய்விடும். அத்தனை பெஞ்சுகள். அத்தனை வீங்கிய கால்கள். எல்லா இடத்திலும் அந்த நர்ஸ் இருப்பாரா?

பிழையைத் திருத்த அரை நாள் போதும். நானே உட்கார்ந்து சோதித்துத் தருகிறேன். கட்டமைப்பைப் பழைய பதிப்புக்குத் திருப்ப அதுகூட வேண்டாம். பிறகு எது தடுக்கிறது? பணமா? பொழுதா? பொறியியலா? பெருமை ஐயா, பெருமை! குறை கேட்டால் குமட்டுகிற காது! உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் வருகிற உள்ளம்! அந்தக் காதுக்கு ஏதாவது ஒரு அப்டேட் உண்டானால் சொல்லுங்கள். அதை நான் ஆயிரம் முறை வாழ்த்துகிறேன்!

யாரது குறுக்கே எழுந்திருப்பது? வேன் அண்ணனா? பேசுங்கள் அண்ணே, சத்தமாக. மேடைக்குக் கேட்கட்டும்.

"தங்கச்சி, நாளைக்கு அவளுக்கு முறை இருக்கு. கூட்டிட்டுப் போனா பேரு இருக்குமா, இருக்காதா?"

எல்லோருக்கும் கேட்டதா? அண்ணே, இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. பொத்தான் என் கையில் இல்லை. தலைவர் அவர்களே, அண்ணன் கேட்பது உங்களைத்தான். அவர் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மனம் வந்தால் அழுத்துங்கள்.

இவ்வளவு நேரம் மைக்கை அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கிக்காரருக்கும், கால்கடுக்க நின்று கேட்ட தோழர்களுக்கும், தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி என் இருக்கைக்குப் போகிறேன். வணக்கம்.

அண்ணன் இன்னும் உட்காரவில்லை, ஐயா.