பின்தட்டில் ஒரு சிகரெட்

மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் அன்று மண்ணெண்ணெய் பீப்பாய்கள் ஏற்றியிருந்ததால், ஏறும்போதே எல்லாரிடமும் நெருப்புப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் நின்ற வெள்ளை நிறப் பயணிக் கப்பலைப் பார்த்தபடி, எனக்கு முன்னால் இருந்த இருவர் கதைத்தார்கள்.

"நான் வேலை செய்த கப்பலில செத்தவருக்கு மட்டும்தான் பின்தட்டில புகைக்க அனுமதி," என்றார் தொப்பி போட்டவர்.

"விசர்க் கதை, மச்சான். சட்டம் எண்டால் எல்லாருக்கும் சட்டம்தான்," என்றார் பக்கத்தில் இருந்த மெலிந்தவர்.

"எங்களுக்குச் சட்டம்தான். பிடிபட்டால் வேலை போயிடும். ஆனா கடலில விழுந்து செத்த குசினிச் சமையல்காரருக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சிகரெட் பத்தவைச்சு வைக்கிறது. அது என்ர வேலை. கப்டன் கண்டும் காணாத மாதிரிப் போவார்."

"காத்துக்குப் பொறி பறந்தால்?"

"புதுசா வந்த அதிகாரியும் அப்பிடித்தான் கேட்டவர். சிகரெட்டைத் தூக்கிக் கடலில எறிஞ்சார். அண்டைக்குக் கப்பல் முழுக்கச் சிகரெட் மணம். தேடாத இடமில்லை, ஒருத்தரும் பத்தேல்லை. அடுத்தநாள் அந்த அதிகாரியே என்னட்டை நெருப்புப்பெட்டி தந்தவர்."

மெலிந்தவர் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"ஆர் இஞ்ச சிகரெட் பத்துறது?"

எனக்கும் மணந்தது. எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். ஒருவர் கையிலும் சிகரெட் இல்லை.

தொப்பிக்காரர் மட்டும் திரும்பவில்லை.

"நான் வேலையை விட்டிட்டன் எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லைப் போல."