இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

விடியற்காலை மணி ஐந்து. தலைநகரில், துவாரகா பக்கம் ஒரு சாலை... ஈ காக்கை இல்லை. ஜனவரிப் பனி. நாலடி தள்ளி நிற்கும் மரம்கூடத் தெரியாது. முந்தின நாள் மாலையே வந்திருக்க வேண்டிய ரயில், பனியில் நின்று நின்று வந்து, கொஞ்சம் முன்னால்தான் அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டிருந்தது. டாக்ஸி ஊர்ந்து போகிறது. உள்ளே புது மாப்பிள்ளை, புதுப் பெண், அவள் மடியில் தூங்கும் ஆறு வயதுக் குழந்தை.

ரஜாய்ப் போர்வையை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் இருப்பவர்கள் இந்தப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். பயமுறுத்தவில்லை, குளிருக்காகத்தான் சொல்கிறேன். இது நம் ராஜகோபாலின் ஒன்றுவிட்ட தங்கைக்கு நடந்தது. அவன் சொன்னதைச் சொல்கிறேன். கண் காது மூக்கு எதுவும் நான் வைக்கவில்லை.

புதுப் பெண்ணின் பெயர் அகல்யா. சொந்த ஊர் செஞ்சி. மாப்பிள்ளை கதிரவன், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் எஞ்சினியர். அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி வேறு யாருமில்லை... அகல்யாவின் சொந்த அக்கா, சுந்தரவல்லி. போன மார்கழியில் போய்விட்டாள். வருஷம் திரும்பியதும் தை மாதத்தில், அக்கா இருந்த இடத்துக்குத் தங்கையைக் கட்டிவைத்துவிட்டார்கள். அந்நியப் பெண் வந்தால் குழந்தை மிருதுளாவை எப்படிப் பார்ப்பாளோ என்றுதான். நம் வீடுகளில் நடக்காததா?

டாக்ஸி கேட்டில் நின்றது. பனி ஒரு நிமிஷம் விலக, அகல்யா தலையைத் தூக்கி நாலாவது மாடியைப் பார்த்தாள். பால்கனியில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். சாலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக் கதவை ஒட்டி...

"மாமா, நம்ம பால்கனியில யாரு?"

கதிரவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "துணி காயும். ஜல்தி எறங்கு, குளுருது."

மேலே போய்ப் பார்த்தாள். கொடியில் ஒரு துணியும் இல்லை.

அந்த வீட்டில் கதிரவனுக்கு ஒரே ஒரு பெருமைதான். கண்ணாடி. பால்கனிக் கதவு, ஜன்னல் எல்லாம் இரட்டைக் கண்ணாடி. முதல் நாளே கடைக்காரன் மாதிரி செய்து காட்டினான். கதவைத் திறந்தான். தலைக்கு மேல் விமானம் இறங்குகிற இரைச்சலில் பாத்திரம் அதிர்ந்தது. இழுத்து மூடினான். க்ளக். விமானம் எங்கோ போய்விட்டது.

"ரெண்டு கண்ணாடி. நடுவுல வெரல் மொத்தம் எடம். ஈரமில்லாத காத்த நெரப்பி சுத்தி சீல் பண்ணிருக்கு. சத்தம் வராது, தூசி வராது, பொக வராது. வெயில்ல சூடு உள்ள வராது, குளுர்ல உள்ள இருக்கற சூடு வெளிய போவாது. ஏசி பில்லு பாதிதான்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "உங்க அக்காவுக்காகத்தான் போட்டேன். அவளுக்குத்தான் இந்த ஊரு பொக ஆவாதே" என்றான்.

அக்காவுக்கு ஆஸ்துமா. அதற்காக இந்த மனிதன் போட்ட கண்ணாடியே அவளுக்கு எமனாகிவிட்டதே என்று அகல்யாவின் மனம் இளகிப்போனது.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மார்கழி விடியற்காலையில் துளசிக்கு விளக்கு வைக்கப் பால்கனிக்குப் போயிருக்கிறாள் சுந்தரவல்லி. குளிர் உள்ளே வரக்கூடாதென்று கதவை இழுத்து மூடியிருக்கிறாள். உள்பக்கக் கொண்டி தானாக விழுந்துவிட்டது. வெளியே திறக்கக் கைப்பிடி கிடையாது. கொட்டிய பனியும் புகையும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. மூச்சுக்கு இழுக்கிற மருந்து உள்ளே மேஜைமேல். தட்டியிருக்கிறாள்... தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். அக்கம்பக்கத்திலும் எல்லோரும் குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிற நேரம். கதிரவன் எழுந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"ரெண்டு கண்ணாடிங்க... எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம். பார்த்தவர்கள் அவனுக்காகவும் சேர்த்து அழுதார்கள். அதிகம் அழுதவள் அகல்யா.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை அகல்யா ஒரு தடத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதன் நடுவே ஒரு கை. ஐந்து விரல், உள்ளங்கை, சின்னதாகப் பெண் கை. மிருதுளா வைத்ததாக இருக்கும் என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. வெளியே போய்த் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. தடம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை... இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. காற்றுகூடப் புகாத இடத்தில்.

கதிரவனிடம் காட்டினாள். "சீல் போயிருக்கும். ஈரம் எறங்கிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டான்.

வெயில் ஏறினால் தடம் மறைந்துவிடும். விடியற்காலையில் திரும்ப வரும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே... கொஞ்சம் கீழே. நிற்கிறவள் மெல்ல மெல்லச் சரிந்து உட்காருகிற மாதிரி.

ஒரு மத்தியானம். கதிரவன் ஆபீஸில் இருந்தான். அகல்யா படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். டொக்... டொக்... டொக். எழுந்து வந்து பார்த்தாள். பால்கனியில் ஒரு புறா. கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு சண்டைபோட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. ச்சீ, இதற்கா என்று சிரித்துக்கொண்டே அதை விரட்டினாள்.

விரட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

விமானம் போனால்கூடக் கேட்காத வீடு இது. ஆனால் புறா கொத்தினது, ஹாலைத் தாண்டி, சாத்திய கதவைத் தாண்டிப் படுக்கைவரை கேட்டது. காற்றில் வருகிற சத்தத்தைத்தான் அந்தக் கண்ணாடி தடுக்கும். கண்ணாடிமேலேயே அடித்தால் சட்டம் அதிரும், சட்டத்தைப் பிடித்திருக்கிற சுவர் அதிரும். ஒரு புறாவின் மூக்கே கேட்கிறதென்றால், மூச்சுக்குத் தவிக்கிற ஒருத்தி இரண்டு கையாலும் அடித்தது...

மிருதுளாவை எழுப்பினாள். "கண்ணு, நீ இங்கயே உக்காரு. சித்தி அங்க தட்டறேன். கேக்குதான்னு சொல்லு." கதவை மூடவில்லை, பாதி திறந்து இடுக்கில் காலை வைத்துக்கொண்டு வெளிப்பக்கமிருந்து கண்ணாடியில் தட்டினாள். திரும்பி வந்தாள்.

"சுனாயி தியா, சித்தி" என்றது குழந்தை. "கேட்டுச்சு. அன்னிக்கு மாதிரியே."

"என்னிக்கு?"

"அம்மா தட்டுனப்போ. அப்பா முழிச்சுட்டுதான் இருந்தாரு. 'சோ ஜா, சோ ஜா, தூங்கு'ன்னு சொல்லி என் காதைப் பொத்திட்டாரு."

இந்த மனிதனுக்காகவா அழுதோம், இவனுக்கா கழுத்தை நீட்டினோம் என்று அகல்யாவுக்கு நெஞ்சு எரிந்தது. பெற்ற தகப்பனைவிட்டால் சொல்லி அழ வேறு யார் இருக்கிறார்கள்? செஞ்சிக்கு, அப்பா பரமசிவத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பக்கம் பரமசிவம் இருமினார்.

"காரியத்துக்கு வந்தப்ப அந்த ரூம்லதான் படுத்திருந்தேன் கண்ணு" என்றார். "வந்த ஜனத்துல யாரோ பால்கனியில மாட்டிக்கினு ஒரே ஒரு தட்டுதான் தட்னாங்க. எனக்கே கேட்டுச்சு."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"கேசு, கோர்ட்டுன்னு போனா அந்தப் புள்ள அநாதையாப் பூடும். போனவ திரும்பி வரப்போறாளா? நீ பக்கத்துல இருந்தா புள்ளைக்கு..."

"தெரிஞ்சேதான் என்னை அனுப்பி வெச்சீங்களா, அப்பா?"

கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். கட்டினவன் செய்த துரோகம் நெஞ்சோடு நின்றது. பெற்றவர் செய்தது குடலைப் பிடுங்கியது. ஒரு மகள் செத்த விதம் தெரிந்திருந்தும் இன்னொரு மகளுக்குத் தாலி எடுத்துக்கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

அன்று கதிரவனிடம் அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குழந்தையின் துணியையும் தன் துணியையும் ஒரு பையில் திணித்து வாசல் கதவோரம் வைத்தாள். விடியுமுன்பே வரும்படி டாக்ஸிக்குச் சொன்னாள்.

விடியற்காலை. இருட்டு விலகவில்லை. டொம்... டொம்... டொம். புறா எழுந்திருக்கிற நேரமில்லை அது. அகல்யா திரும்பிப் படுத்தாள். பக்கத்தில் கதிரவனின் கண்கள் திறந்தே இருந்தன.

"மாமா, யாரோ தட்டறாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றான். ரஜாயைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

அகல்யா எழுந்து ஹாலுக்குப் போனாள். திரையை விலக்கினாள். கண்ணாடி முழுக்க ஆவி. நடுவில் கைத்தடங்கள்... ஒன்றல்ல, இரண்டல்ல. தரையை ஒட்டிக் கடைசித் தடம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அழுகை முந்திக்கொண்டது. ஒரு வருஷமாக அக்கா தட்டிக்கொண்டே இருக்கிறாள், திறக்க ஒருவரும் வரவில்லை. கொண்டியைத் தூக்கி, கதவை முழுசாகத் தள்ளித் திறந்தாள்.

"உள்ள வா, அக்கா."

சில்லென்று ஒரு காற்று அவளைத் தாண்டிப் போனது. புகை நாற்றம். அதற்குள் லேசாக, அணைந்த விளக்குத் திரியின் வாசனை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிவந்தாள். வாசலில் உட்கார்ந்து அதற்கு ஷூ போட்டுவிடும்போது, கதிரவன் எழுந்து வருவது கேட்டது.

"அகல்யா? ஏன் கதவத் தொறந்து போட்டுருக்க? பைத்தியமா உனக்கு?" பால்கனியில் அவளைத் தேடிக்கொண்டு போகிற செருப்புச் சத்தம்.

க்ளக்.

பிறகு... டொம். டொம். டொம்டொம்டொம்.

"சித்தி, அப்பா தட்டறாங்க."

என்ன இருந்தாலும் மனசு கேட்குமா? ஓரடி திரும்பி வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். பால்கனியிலிருந்து ஹாலுக்குள் ஈரக் காலடிகள். சோபாவரை வந்து, திரும்பி, கண்ணாடிக் கதவுக்கே போயிருந்தன. அங்கே, உள்பக்கம், கொண்டியை ஒட்டி இரண்டு பாதம் நின்றிருந்தது. பாதத்தைச் சுற்றி ஈரம் பரவிக்கொண்டே இருந்தது.

அகல்யா குழந்தையின் காதைப் பொத்தினாள். படியிறங்கினாள்.

கீழே டாக்ஸி நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தபின் தன்னை அறியாமல் நாலாவது மாடியைப் பார்த்தாள். பனி விலகிய இடத்தில் பால்கனி. சாலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியை ஒட்டி, கதிரவன் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு விமானம் தாழ இறங்கியது. வேறு எதுவும் கேட்கவில்லை.

வண்டி நகர்ந்தது. மிருதுளா ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மேலே பார்த்துக் கையாட்டினாள்.

"அப்பாவுக்கா டாட்டா காட்டற?" என்றாள் அகல்யா.

"இல்ல சித்தி" என்றது குழந்தை. "உள்ள நிக்கறாங்கல்ல... அம்மாவுக்கு. அவங்களுக்கும் கேக்கல போல."